நிரந்தரமாகக் குடியிருப்பவர்

ஜோன்ஸ்போர்ட், மெய்ன்
அக்டோபர் 19

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் குளிர்காலத்துக்கும் ஃப்ளோரிடா போய்ச் சேர்ந்ததும் முட்டிவலி விட்டுப்போனதாக உங்க பிள்ளை வயட் சொன்னார். கேட்டு நிம்மதியானேன். இங்கே மூன்று பேரும் சுகம். குழந்தை ஹாட்டிக்கு மட்டும் மூக்கு ஒழுகுகிறது. ஞாயிற்றுக்கிழமை போன் உங்களுக்கும் உங்க பிள்ளைக்கும், கடிதம் உங்களுக்கும் எனக்கும் என்ற நம்ம வழக்கப்படி, அவளைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று வீட்டைச் சூடாக்க நிலவறையில் இருக்கிற எண்ணெய் ஃபர்னஸை இந்த வருஷம் முதல் தடவையாக மூட்டினோம். பெரிய தும்மலாக ஒன்று தும்மியது. ஹாட்டியின் தொட்டில் விரிப்பெல்லாம் கரிப்பொடி. நாள் முழுக்க அவள் மூக்குத் துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்க பிள்ளை, "அது வருஷாவருஷம் தும்முறதுதான். அந்தக் கரியத் தின்னுதான் நான் வளந்தேன்" என்கிறார். எனக்குப் பயமே அதுதான் என்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற என் சிநேகிதி லீட்டா வீட்டில் ஹீட் பம்ப் வைத்துவிட்டார்கள். வெளியே ஒரு பெட்டி, உள்ளே சுவரில் ஒரு பெட்டி. வெளிக்குளிரில் மிச்சம் இருக்கிற சூட்டைக்கூட உறிஞ்சி உள்ளே தள்ளுகிறது. எண்ணெயும் இல்லை, கரியும் இல்லை. எங்களை மாதிரி வருமானம் உள்ளவர்களுக்குப் பாதிக்கு மேல் மாநில அரசே மானியமாகக் கொடுக்கிறது. மிச்சத்துக்கு நான் கிறிஸ்துமஸுக்குக் கதவில் மாட்டுகிற பச்சைக்கிளை வளையம் கட்டி விற்கிற காசு போதும்.

வீடு உங்க பேரில் இருப்பதால் உங்க கையெழுத்து வேண்டும். காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். மஞ்சள் சீட்டு ஒட்டிய இடத்தில் போட்டால் போதும். அனுமதி வருகிறவரை சுவரில் ஒரு ஓட்டைகூடப் போடக் கூடாதாம். லீட்டாவின் சித்தப்பா அவசரப்பட்டு ஓட்டை போட்டுவிட்டு மானியத்தை இழந்தார். மார்ச் கடைசியோடு விண்ணப்பம் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்க மருமகள்,
கொரின்னா


ஜெஃபர்ஹில்ஸ், ஃப்ளோரிடா
நவம்பர் 3

அன்பு கொரின்னாவுக்கு,

நான் சௌக்கியம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்குது. ஹாட்டிக்கு மார்பில் தேய்க்கிற தைலம் குளியலறை மேல்தட்டில் இருக்கு, கொஞ்சமாகத் தேய்.

அந்த மெஷினைப் பத்தி யோசிச்சேன். சுவரில் தபால்பெட்டியைத் தொங்கவிட்ட மாதிரி இருக்குமாமே. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். அப்புறம் சத்தம். குழந்தை தூங்குகிற வீட்டில் ராத்திரி முழுக்க ஏதோ ஒன்று உறுமிக்கொண்டிருந்தால் உனக்குத்தான் கஷ்டம். புயலில் கரண்ட் போனால் என்ன செய்வாய்? நாலு வருஷம் ஓரோனோவில் காலேஜ் படிச்சவள், இதெல்லாம் யோசிச்சிருப்பாய்.

செவ்வாய்க்கிழமை பிங்கோ ஆட்டத்தில் எங்களுக்கு ஒரு டோஸ்டர் விழுந்தது. ஏற்கெனவே ஒன்று இருக்கு, என்ன செய்ய.

வயட்டிடம் காதை மூடுகிற குல்லாய் போடச் சொல். 

அன்புடன்,
ஆர்லீன்


ஜோன்ஸ்போர்ட்
நவம்பர் 17

அன்புள்ள அத்தைக்கு,

உங்க கடிதம் வந்தது. மூக்கு ஒழுகல் நின்றது, நீங்க சொன்ன தைலம்தான். வயட்டின் படகை இன்னும் கரையேற்றவில்லை. சிங்கி இறால் நல்ல விலை போகிறது.

நீங்க கேட்டது எல்லாம் நியாயமான கேள்வி. அதனால் ஹாட்டியைத் தூக்கிக்கொண்டு லீட்டா வீட்டுக்கே போனேன். மெஷினுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். லீட்டா சமையலறையிலிருந்து, "என்னடி, டாக்டர் மாதிரி காதை வச்சுக் கேட்டுக்கிட்டிருக்க?" என்றாள்.

"எங்க அத்தைக்குப் பதில் எழுதணும், சும்மா இரு."

"சத்தம் கேக்குதா?"

"உன் சத்தம்தான் கேக்குது."

அவ்வளவுதான் அத்தை சத்தம். ஹாட்டி என் மடியிலேயே தூங்கிவிட்டாள். கரண்ட் போனால் சமையலறை விறகடுப்பு இருக்கவே இருக்கு, அதை யாரும் எடுக்கப் போவதில்லை. தபால்பெட்டி மாதிரி இருப்பது உண்மைதான். மேலே உங்க நீலத் தட்டுகளை வரிசையாக மாட்டினால் கண் அங்கே போகாது.

காகிதம் கைக்கு வந்ததா? அதைப் பற்றி நீங்க ஒன்றும் எழுதவில்லை.

கொரின்னா


ஜெஃபர்ஹில்ஸ்
டிசம்பர் 12

அன்பு கொரின்னாவுக்கு,

பதில் எழுதத் தாமதம். நீ அனுப்பின ஃபிர் வளையம் வாடாமல் வந்து சேர்ந்தது. கதவைத் திறக்கும்போதெல்லாம் வாசனை. இங்கே எல்லாரும் பிளாஸ்டிக்கில்தான் மாட்டுகிறார்கள், பாவம். ஒரு பெட்டி கிரேப்ஃப்ரூட் அனுப்பியிருக்கேன். நான் நன்றாக இருக்கேன், கொஞ்சம் பெருத்திருக்கேன்.

சத்தத்தைப் பத்தி நான் சொன்னதை விட்டுவிடு. தலைமாட்டில் சுவரில் ராத்திரி முழுக்க ஓடினாலும் தெரியவில்லை. பூனை குறட்டை விடுகிற மாதிரி, அவ்வளவுதான். ஆனால் இங்கே அதைக் குளிர்ச்சிக்கு ஓட்டுகிறோம். நம்ம ஊர் பிப்ரவரி வேற. மூக்குச் சளி உறைகிற குளிரில் அது என்ன சூட்டை உறிஞ்சும்?

காகிதம் வந்தது. பத்திரமாக இருக்கு.

ஹாட்டி கன்னத்துக்கு ஒரு முத்தம்.
ஆர்லீன்


ஜோன்ஸ்போர்ட்
ஜனவரி 4

அன்புள்ள அத்தைக்கு,

புது வருஷம் உங்களுக்கு நல்லபடியாக இருக்கட்டும். கிரேப்ஃப்ரூட்டை ஹாட்டி நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள், திரும்பவும் வேண்டும் என்றாள்.

எங்களுக்குப் புது வருஷம் சமையலறைத் தரையில் பிறந்தது. ஃபர்னஸ் நின்றுவிட்டது. மூன்று பேரும் விறகடுப்புக்கு முன்னால் மெத்தை போட்டுப் படுத்தோம். எண்ணெய்க் கம்பெனிக்காரர் வந்து ஏதோ ஒரு பாகத்தை மாற்றினார். "ஓடும். எவ்வளவு நாளைக்குன்னு எங்கிட்ட கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஹாட்டி இருமுகிறாள். பெரிதாக ஒன்றும் இல்லை என்று பக்கத்து ஊர் மச்சியாஸ் டாக்டர் சொன்னார். ஆனால் அவள் இருமும்போதெல்லாம் நான் மூச்சை நிறுத்திக்கொள்கிறேன்.

கடுங்குளிரிலும் ஓடுகிற மாதிரி மெஷின் இருக்கிறதாம், லீட்டா வீட்டில் இந்த வாரமும் ஓடியது. ஆனால் அத்தை, நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன், நீங்க அடுத்ததைக் கேட்கிறீர்கள். எனக்கு ஒன்று தோன்றியது. அந்த ஃபர்னஸை மாமா தன் கையால் வைத்தார், வயட் பிறந்த வருஷம். அதைப் பெயர்த்து எடுப்பது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். அதை யோசிக்காமல் மஞ்சள் சீட்டெல்லாம் ஒட்டி அனுப்பிவிட்டேன். அதுதான் காரணம் என்றால் சொல்லிவிடுங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன்.

உங்களிடம் நேராகக் கேட்கச் சொன்னேன் உங்க பிள்ளையை. போனை வைத்ததும், "அம்மா என்ன சொன்னாங்க?" என்றேன்.

"பனி எவ்வளவுன்னு கேட்டாங்க."

"நீங்க?"

"முழங்கால் வரைக்கும்னு சொன்னேன்."

கொரின்னா


ஜெஃபர்ஹில்ஸ்
ஜனவரி 15

அன்பு கொரின்னாவுக்கு,

ஹாட்டிக்கு இருமல் எப்படி? உடனே எழுது.

அந்தச் சனியனைப் பத்தியா நான் உருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கேன் என்று நினைத்தாய்? உங்க மாமா அதை வைத்த நாளிலிருந்து அது எனக்கு எதிரி. என் கல்யாண கவுன் மாதிரி வைத்திருந்த வெள்ளைத் திரைச்சீலையைக் கரியாக்கியது அது. மாமா உயிரோடு இருக்கும்போதே அதை உதைத்திருக்கேன், கால் விரல் வீங்கிப்போச்சு. பெயர்த்து எடுக்கும்போது என் பேரைச் சொல்லி நீயும் ஒரு உதை விடு.

காரணம் அது இல்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

ஆர்லீன்


ஜோன்ஸ்போர்ட்
பிப்ரவரி 8

அன்புள்ள அத்தைக்கு,

ஹாட்டிக்கு இருமல் போய்விட்டது. நீங்க சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எனக்குத்தான் தூக்கம் இல்லை. பொறுத்துக்கொள் என்றீர்கள், பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. காரணம் மெஷின் இல்லை, ஃபர்னஸும் இல்லை என்றால் வீடுதான். போன வாரம் எல்ஸ்வொர்த்திலிருந்து வீடு விற்றுக்கொடுக்கிற தரகர்கள் உங்க பேருக்கு ஒரு அட்டை அனுப்பியிருந்தார்கள். கடல் தெரிகிற வீட்டுக்குப் போஸ்டன்காரர்கள் என்ன விலை கொடுக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். விற்கப் போகிற வீட்டுக்கு எதற்கு ஹீட் பம்ப்? அதை எங்களிடம் எப்படிச் சொல்வது என்று தவிக்கிறீர்கள், அப்படித்தானே? வயட்டிடம் சொல்லவில்லை. நான் பாங்கர் நகரத்திலிருந்து வந்தவள், எங்கேயும் பிழைத்துக்கொள்வேன். அவர் இந்தத் துறைமுகத்தை விட்டால் என்ன செய்வார்? தயவுசெய்து நேராக எழுதுங்கள். எது வந்தாலும் எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை.

கொரின்னா

பி.கு. ஒட்டிய உறையைத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். உங்க டிசம்பர் கடிதத்தை மறுபடி படித்தேன். உங்க டிரெய்லர் வீட்டில் இருப்பது ஜன்னலில் வைத்த பழைய ஏ.சி. பெட்டி, அது லாரி மாதிரி கத்துகிறது என்று நீங்களே போன வருஷம் சொன்னீர்கள். ராத்திரி முழுக்க உங்க தலைமாட்டில் பூனை மாதிரி ஓடுகிறது என்றால், அது யார் வீட்டுச் சுவர் அத்தை?


ஜெஃபர்ஹில்ஸ்
பிப்ரவரி 17

அன்பு கொரின்னாவுக்கு,

பிடித்துவிட்டாயே. உன் காலேஜுக்குக் கொடுத்த காசு வீண் போகவில்லை.

அவர் பேர் ஓவன் ஸ்ட்ரௌட். ஓஹையோக்காரர், பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். மனைவி இறந்து ஆறு வருஷம் ஆச்சு. டோஸ்டர் அவர் சீட்டுக்கு விழுந்தது, 'எங்களுக்கு' என்று எழுதிவிட்டுப் பயந்தேன், நீ கவனிக்கவில்லை. ஏப்ரலில் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்கிறார். சரி என்று சொல்லிவிட்டேன். அவர் வீட்டுச் சுவர்தான். எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கு, நீ சிரி.

இப்போது உன் காகிதத்துக்கு வருகிறேன். மஞ்சள் சீட்டுக்கு மேலே என்ன அச்சடித்திருக்கு என்று பார்த்தாயா? 'இந்த வீட்டில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்.' இத்தனை வருஷம் ஊர்க் கூட்டத்தில் வாசலில் உட்கார்ந்து, யார் ஊர்க்காரர், யார் கோடைக்கு மட்டும் வந்து போகிற கோடைக்காரர் என்று பிரித்து ஓட்டுச் சீட்டு கொடுத்தவள் நான். வருஷத்தில் பாதி நாள் இருந்தேன் என்று சொன்ன ஒரு நீதிபதியையே, "பாதி நாள் இருக்கிறவங்க பின்வரிசையில உக்காந்து வேடிக்கை பாருங்க" என்று அனுப்பினேன். இனி நான் ஜூலையில் வந்து செப்டம்பரில் போகிறவள். ஆர்லீன் பீல் ஒரு கோடைக்காரி. பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். பொய் எழுத வரவில்லை, உண்மையை எழுதவும் கை வரவில்லை. அதனால் கரண்ட் போனால் என்ன, குளிர்ந்தால் என்ன என்று உன்னை அலையவிட்டேன். குழந்தை தரையில் படுத்தது என்று படித்த அன்றைக்கு என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

வீட்டை விற்பதா? போஸ்டன்காரனுக்கா? நல்ல கற்பனை உனக்கு. மச்சியாஸ் வக்கீலிடம் பேசிவிட்டேன். வீட்டை உங்கள் ரெண்டு பேர் பேருக்கும் மாற்றுகிறேன். அப்புறம் அந்த வரியில் நீயே கையெழுத்துப் போடு. மார்ச்சுக்குள் முடித்துவிடலாம் என்றார்.

ஒரே ஒரு உதவி. வயட்டிடம் நீ சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை நானே சொல்கிறேன். அவன் அப்பாவின் கோட்டு இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது என்று எனக்குத் தெரியும்.

ஆர்லீன்


ஜோன்ஸ்போர்ட்
மார்ச் 2

அன்புள்ள அத்தைக்கு,

நீங்க நலம், திரு. ஸ்ட்ரௌட்டும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். உங்க கடிதத்தைப் படித்து முதலில் அழுதேன், அப்புறம் சிரித்தேன், ஹாட்டி ரெண்டுக்கும் கை தட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் நீங்க என்ன சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியாது. இந்தப் பக்கம் நடந்ததை எழுதுகிறேன். நான் துணி மடிக்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன், வயட் பேசினது மட்டும் காதில் விழுந்தது.

"ம். இங்க பனி குறைஞ்சிருக்கு."

"யாரு?"

"ம்."

"ஓஹையோவா? அங்க கடலே கிடையாதேம்மா."

அப்புறம் "சரி. சரிம்மா. அழாதீங்க" என்று வைத்துவிட்டு நேராக வெளியே போனார். விறகு பிளக்கிற சத்தம் கேட்டது. நாங்கள் ரெண்டு வாரத்துக்கு எரிக்கிற விறகை ஒரே மூச்சில் பிளந்து போட்டார். உள்ளே வந்தபோது காது சிவந்திருந்தது. நான் காபி ஊற்றினேன்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கொஞ்சம்."

"எப்படி?"

"உங்கம்மாவுக்கு மெஷின் சத்தம் பழகிப்போச்சு, அத வச்சு."

அவருக்குப் புரியவில்லை, நானும் விளக்கவில்லை. காபியைக் குடித்து முடித்துவிட்டு, "அப்ப எங்கம்மா கோடைக்காரியா?" என்றார். அப்போதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு மட்டும்தானா என்று நான் குனிந்து பார்க்கவில்லை. கடைசியில், "அந்த ஆளுக்கு கிரிபேஜ் சீட்டு ஆடத் தெரியுமான்னு கேட்டு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

வக்கீல் ஆபீசில் வேலை முடிந்தது. நேற்று மானியக் காகிதத்தில் நாங்கள் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். வயட் யோசிக்காமல் போட்டார். எனக்குக் கை நின்றுவிட்டது. கல்யாணமாகி வந்ததிலிருந்து கடையில் என்னை 'பாங்கர் பொண்ணு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நிரந்தரமாகக் குடியிருப்பவர் என்று இதுவரை யாரும் என்னை எழுதச் சொன்னதில்லை. எழுதும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கல்யாணத்துக்கு எங்களால் வர முடியாது, படகு இறக்கும் மாதம். படம் அனுப்புங்கள்.

கொரின்னா


ஜோன்ஸ்போர்ட்
அக்டோபர் 28

அன்புள்ள அத்தைக்கும் ஓவன் மாமாவுக்கும்,

கோடையில் வந்து போனதிலிருந்து மாமாவின் முதுகு எப்படி இருக்கிறது? இங்கே எல்லாரும் சுகம். ஹாட்டி ஓடுகிறாள், பிடிக்க முடியவில்லை.

போன மாதம் அனுமதி வந்து, ஓட்டை போட்டு, மெஷின் வைத்தாகிவிட்டது. ஃபர்னஸைத் துண்டு துண்டாக வெட்டித்தான் நிலவறையிலிருந்து ஏற்ற முடிந்தது. உங்க பேரைச் சொல்லி ஒரு உதை விட்டேன். விரல் வலிக்கிறது.

ஆனால் சிரிக்காமல் ஒன்று கேளுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் வீடு குளிர ஆரம்பித்தது. மெஷின் திணறியது, உறுமியது, நின்றது. ரிமோட்டை அமுக்கிக்கொண்டே புலம்பினேன். எல்லாரையும் படுத்தி, வீட்டையே பேர் மாற்றவைத்து வாங்கிய மெஷின் ஒரு மாதத்தில் செத்துவிட்டதே என்று. வைத்துக் கொடுத்த ரோஸ்கோவைக் கூப்பிட்டேன். அவர் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "வெளிப்பெட்டி எங்கம்மா?" என்றார்.

"கிழக்குச் சுவர்ல."

"அங்க காடுதான் இருக்கு."

உங்க பிள்ளை வருஷாவருஷம் செய்கிற மாதிரி, குளிர் ஏறாமல் இருக்க வீட்டு அஸ்திவாரத்தைச் சுற்றி ஃபிர் கிளைகளை அடுக்கியிருக்கிறார். கை பழக்கத்தில் அந்தப் பெட்டியையும் சேர்த்து, கழுத்து வரைக்கும், ரொம்ப அழகாக மூடிவிட்டார். மூச்சு விட இடம் இல்லாமல் அது என்ன செய்யும்?

"அதுக்கும் குளிருமேன்னுதான்" என்கிறார் உங்க பிள்ளை.

ரோஸ்கோ கிளைகளை இழுத்துப் போட்டார், அது ஓடியது. "வருஷத்துக்கு இப்படி நாலு வீடு பாக்குறேன்" என்றார். இப்போது ஹாட்டி ஒரு சட்டையோடு வெறுங்காலில் ஓடுகிறாள். போன வருஷம் இதே நாளில் மூன்று சட்டை.

நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு ரெண்டு பேரும் கட்டாயம் வர வேண்டும். மாமாவை கிரிபேஜில் தோற்கடிக்க வயட் பயிற்சி எடுக்கிறார். குளிரைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

கொரின்னா


சமையலறை மேசைமேல்
தேங்க்ஸ்கிவிங் காலை

கொரின்னாவுக்கு,

நீங்கள் மூன்று பேரும் நன்றாகத் தூங்குகிறீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. வான்கோழியை அடுப்பில் வைத்துவிட்டேன். ஹாட்டி ஒரு தடவை முனகினாள், தட்டிக்கொடுத்தேன்.

ஓவன் பனியனோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கார். ஃப்ளோரிடாவிலிருந்து ரெண்டு ஸ்வெட்டரும் புதுக் கம்பளி உள்ளாடையும் வாங்கிக்கொண்டு வந்த மனுஷன். உன்னிடம் சொல்ல வெட்கப்படுகிறார், அதனால் நான் எழுதுகிறேன். கொஞ்சம் சூட்டைக் குறைத்தால் தேவலை.

ரிமோட் இங்கேயே என் கைக்குப் பக்கத்தில்தான் இருக்கு. இந்த வீட்டில் நான் இருந்த வரைக்கும் ஃபர்னஸின் சூட்டுத் திருகை என்னைத் தவிர யாரையும் தொடவிட்டதில்லை. வயட்டின் அப்பா ஒரு தடவை தொட்டார், ஒரு நாள் முழுக்க நான் பேசவில்லை. நீ வந்து நாலு குளிர்காலம், நான் ஃப்ளோரிடா போக ஆரம்பிக்கிறவரைக்கும், நடுங்கிக்கொண்டு இருந்தாயே தவிர ஒரு நாளும் கை வைக்கவில்லை. எனக்குத் தெரியும். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இப்போது ரிமோட்டை எடுத்தேன். வைத்துவிட்டேன். நீ எழுந்ததும் ரெண்டு புள்ளி குறைத்து வை. மனம் இல்லையென்றால் பரவாயில்லை, அவரை வாசலில் உட்காரச் சொல்கிறேன்.

உன் வீட்டு விருந்தாளி,
ஆர்லீன் ஸ்ட்ரௌட்